பலகைக்கும் ஒரு பாடு

வகுப்பறையைக் கொஞ்சம் ஒழுங்கு செய்து தரும்படி ஏரிக்கரையிலுள்ள எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை கேட்டார். பொன்னேரியில் நில அளவை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

பிள்ளைகள் பதினெட்டு. வரிசைக்கு இரண்டாக பெஞ்சு ஆறு. மின்விசிறி ஒன்றுதான், முன்வரிசைக்கு மேல். கடைசி பெஞ்சுக்கும் கரும்பலகைக்கும் இருபத்தோரு அடி. ஏரிப்பக்கம் இரண்டு ஜன்னல். தண்ணீரில் பட்ட வெயில் அவற்றின் வழியே வந்து பலகையில் பளபளத்தது. சாக்குத் திரை தைத்து மாட்டினேன்.

ஒரு பெண்ணுக்குத் தூரத்து எழுத்து தெரியவில்லை. கண் முகாமில் பார்த்தாகிவிட்டது. கண்ணாடி வர இரண்டு மாதமாகும். அதுவரை அவள் படிப்பு கெட்டுவிடுமே என்று எனக்குக் கவலை. அவளுக்கு முன்வரிசையில் இடம் குறித்து, யார் எங்கே உட்கார வேண்டும் என்று படம் வரைந்து ஒட்டினேன்.

மறுநாள் போனால் அவள் கடைசி பெஞ்சில். யாரோ விரட்டிவிட்டார்கள் என்று கத்தினேன். ஒருவரும் விரட்டவில்லை. ஏரியில் நல்ல மீன் படும் இடத்தில் வலை போட ஊரார் முறை வைத்துக்கொள்வார்கள், அதற்குப் பாடு என்று பேர். அது போல, மின்விசிறிக்காகப் பிள்ளைகள் வரிசைகளுக்குப் பாடு வைத்திருந்தார்கள். தினம் ஒரு வரிசை மாறும். டீச்சருக்கும் தெரியுமாம். நீ மட்டும் முன்னாலேயே இரு, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன். அவள் அம்மா வலை இல்லாமல் ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பவள்.

"எங்க வூட்டுக்கு ஏரியில பாடு கெடையாது தாத்தா. இங்கதான் இருக்குது. அத்த வுட சொல்றியா?"

படிப்பு வேண்டாமா என்று கேட்டேன்.

"வேணும். பலகைக்கு இன்னாத்துக்குப் பாடு வெக்கல?"

ஜன்னலையெல்லாம் எண்ணிய எனக்குச் சுவர் நான்கு என்பது தோன்றவேயில்லை. பின்சுவர் அலமாரியை நகர்த்தி அங்கேயும் கறுப்பு வண்ணம் அடித்தோம். அவள் வரிசை கடைசிக்குப் போகும் நாளில் எல்லா பெஞ்சும் திரும்பும். நடுவரிசை நாளில் டீச்சர் பெரிதாக எழுத வேண்டும்.

பெஞ்சு திரும்பிய முதல் நாள் நானும் போய் உட்கார்ந்தேன். பலகையில் பதினான்கு சொற்கள். பதினான்கையும் அவள் படித்தாள். மின்விசிறிக்குக் கீழே இருந்த ஆறு பேர் இப்போது கடைசி வரிசை. அவர்களும் குறை சொல்லவில்லை. காற்றும் பலகையும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று நான் எப்போது முடிவு செய்தேன்?

படத்தைத் திருத்த உட்கார்ந்தேன். முன்வரிசை என்று எங்கே எழுதுவது? இரண்டு முனையிலும் எழுதினேன். ஆறு பெஞ்சில் நான்கு முன் பெஞ்சு, பின் பெஞ்சு ஒன்றுகூட இல்லை. எங்கோ தப்பு இருக்கிறது என்று மூன்று முறை எண்ணினேன். அதற்குள் தலைமையாசிரியை அதை வாங்கிப் போய்ச் சுவரில் ஒட்டிவிட்டார்.