பித்தளைப் பிள்ளை

எங்க வீட்டுக்காரவுக பாளையங்கோட்டையில வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டு வந்தா, பட்டணத்து மாசப் பத்திரிகைக்குக் கதை எழுதுவாக. எனக்கு எழுத்து வாசனை கிடையாது. எனக்கு வாசிச்சுக் காட்டிட்டுத்தான் தபால்ல போடுவாக. நானும் வாயில்லாப் பூச்சி இல்ல; பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போடுவேன்.

எங்க ஒத்தைப் பொம்பளப்பிள்ள ஏழு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. அப்படிப் போற பிள்ளைய எங்க பக்கத்துல கன்னித் தெய்வமா வச்சுக் கும்பிடுவோம். வருசத்துக்கொருக்க புதுப் பாவாடை எடுத்து ஓலைப்பெட்டியில வச்சு, சர்க்கரைப் பொங்கல் படைப்போம். எத்தனை வருசம் போனாலும் பாவாடை அதே அளவுதான்.

ஒருதரம் அவுக ஒரு கதை எழுதுனாக. மகளப் பறிகொடுத்த கன்னான் ஒருத்தன், பாத்திரம் வார்க்குற பித்தளையில ஒரு பிள்ளைய வார்க்கான். அது எந்திரிச்சு நடக்கு. "அப்பா, பைய நடங்க"ன்னு அவன் கையப் பிடிக்கு. அது எங்க பிள்ள சொல்லுத சொல்லு. இன்னொருக்க வாசிக்கச் சொன்னேன்.

அடுத்த மாசக் கதையில கன்னானுக்கும் அந்தப் பித்தளைப் பிள்ளைக்கும் சண்டை. தெருப் பிள்ளைகள்லாம் தாவணி போட்டாச்சு, இது மட்டும் அப்படியே நிக்குதேன்னு அவனுக்கு ஆத்திரம். "நீ ஏம்ட்டி வளர மாட்டேங்கே?"ன்னு ஏசுதான். "நீங்கதானப்பா சின்னதா வார்த்தீங்க. என்னய இப்படியே விட்ருங்க"ன்னு அது அழுது. அவன் கேக்கல. இன்னுங்கொஞ்சம் பித்தளை சேர்த்து உருக்கி, கலியாண வயசுப் பொண்ணா வார்த்துட்டான். அழகாத்தான் இருந்தா. ஆனா பேசல.

"பாவிப்பய! அதான் கெஞ்சுச்சே, விட்டுத் தொலைச்சா என்ன?"ன்னு கத்திட்டேன். "மாத்தி எழுதுங்க. அவ சின்னப்பிள்ளையாவே இருக்கட்டும்."

"ஏளா, நம்ம பிள்ள இருந்தா இப்ப மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருப்போம். நான் நெனச்சுப் பாக்கக்கூடாதா?"ன்னாக.

அவுக மனசுக்குள்ள பிள்ள வளந்துக்கிட்டே இருந்திருக்கா. எனக்கு அது தெரியாமப் போச்சே! கதை அப்படியே தபாலுக்குப் போயிட்டுது.

அந்தத் தையில பாவாடைத் துணி எடுக்க ரெண்டு பேருமா வண்ணார்பேட்டைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி, "பிள்ளைக்கு என்ன வயசும்மா?"ன்னாரு. வருசா வருசம் சட்டுன்னு சொல்லுதவதான். அன்னைக்கு மட்டும், பெரிய பொண்ணுக்கே எடுக்கட்டும், அவுக ஆசைப்படியே ஆகட்டும்னு அவுக முகத்தப் பாத்தேன்.

"ஏழு"ன்னாக. "ஏழுதான், அண்ணாச்சி."

சொல்லிட்டு, துண்டால வாயப் பொத்திக்கிட்டு வெளிய போயிட்டாக.