உள்ளறையில் காய்ந்த பாவாடை

கல்யாணமாகி ராஜபாளையம் வந்த மறு வருடம் எனக்கு இடுப்பில் படர்தாமரை வந்தது. எண்பதுகளின் கடைசி அது. நாடா இறுக்கும் இடத்தில் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, அரிப்பு உயிரை வாங்கியது. மாமனாரும் கொழுந்தனும் நடமாடுகிற வீட்டில் பெண்களின் உள்பாவாடை வெளியே தெரியக்கூடாது. துவைத்து உள்ளறைக் கொடியில் போட்டு, மேலே ஒரு சேலையையும் போர்த்திவிட வேண்டும். மறுநாளும் ஈரம் போயிருக்காது. அதையே கட்டிக்கொண்டு அடுப்படியில் வெந்தேன். எனக்கும் மாமியாருக்கும் துண்டு ஒன்றுதான்.

மருந்துக்கடையில் வாங்கிய களிம்பைத் தடவினால் அரிப்பு அடங்கும்; நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாகப் படரும். ஒருநாள் என் கணவர் தொடையைச் சொறிவதை மாமியார் பார்த்துவிட்டார்.

"வியாதிய மறைச்சில்ல கட்டிக் குடுத்திருக்காவ! டாக்டரம்மா என்ன சொல்லுதாகன்னு பாப்போம். பொறவு நீ மம்சாபுரத்துக்கே போயிரு."

மம்சாபுரத்தில் என் அம்மா வீடு. அங்கே கல்யாணத்துக்குத் தங்கை காத்திருந்தாள். வியாதிக்காரி என்று நான் திரும்பிப் போனால் அவளை யார் பெண் கேட்டு வருவார்கள்? உள்ளூரில் காட்டினால் வெளியே தெரிந்துவிடும் என்று மாமியார் என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா பார்த்ததும் சொல்லிவிட்டார். "இது தோல்ல வர்ற காளான். ஈரத் துணியிலயும் ஒரே துண்டுலயும் பரவும். அந்தக் களிம்பு அரிப்ப அமுக்கி, காளான வளத்துவிட்டிருக்கு. இந்த மருந்த வட்டத்தத் தாண்டியும் போடு. மறைஞ்சாலும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத. துணிய வெயில்ல போடு. வீட்ல யாருக்கெல்லாம் இருக்கு?"

"அவருக்கு" என்றேன்.

"வேற?"

மாமியார் சுவரைப் பார்த்தார். டாக்டரம்மா விடவில்லை. கடைசியில் மாமியார் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, கொசுவத்தைத் தளர்த்தினார். இடுப்பைச் சுற்றித் தோல் கறுத்து, தடித்துக் கிடந்தது.

"எவ்வளவு நாளா?"

"மூத்தவன் பொறக்கதுக்கு முன்னாலயே இருக்கு."

அந்த மூத்தவர்தான் என் கணவர். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. தன் இடுப்பில் வைத்துக்கொண்டா என்னைத் துரத்தப் பார்த்தார்!

பஸ் நிலையத்தில் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமாகிட்ட சொல்லிராத. இம்புட்டு வருசத்துல அவியளுக்கே தெரியாது. இருட்டுலயே ஓட்டிட்டேன்."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன். "நான் எந்த பஸ்ஸுல ஏற, அத்தை?"

"என்னட்டி கேக்க? ஏறு, நம்ம ஊரு பஸ்ஸு வந்துட்டு."