கிராணி வீட்டு வாசலில் அடித்த மணி

நெதர்லாந்தில் படிக்கும் மகள், கிராமத்துப் பக்கம் சைக்கிளில் சுற்றிய காணொளியை அனுப்பியிருந்தாள். விழுந்துவிடுவாளோ என்று பயந்தபடியே பார்த்தேன். அவள் மணியடித்ததும் காணொளியை நிறுத்திவிட்டேன்.

என் சின்ன வயதில், நாங்கள் இருந்த பெடாஸ் பக்கத்து எஸ்டேட்டில், அலுவலகக் குமாஸ்தாவான கிராணியின் வீட்டைக் கடக்கும்போது தொழிலாளர்கள் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ள வேண்டும். ஒரு ஞாயிறு என் அப்பா மாரிமுத்துவும் இறங்கித் தள்ளினார். ஆற்றில் குளிக்கப் போகும் உற்சாகத்தில், முன்கம்பியில் உட்கார்ந்திருந்த நான் மணியடித்துவிட்டேன்.

"யாருக்குடா மணி அடிக்கிற?" வெளியே வந்த கிராணி அப்பாவை அறைந்தார்.

"தெரியாம என் கை பட்டுருச்சுங்கய்யா," என்றார் அப்பா.

அன்று நாங்கள் ஆற்றுக்குப் போகவில்லை.

அப்பா இன்று இல்லை. கிராணி கோலா பிலாவில் மகன் வீட்டில் இருக்கிறார். அந்த மகனுக்குக் காணொளியை அனுப்பினேன்.

"அண்ணே, சத்தத்தக் கூட்டி உங்கப்பா காதுகிட்ட வைங்க. மணியடிக்கிறது மாரிமுத்து பேத்தின்னு சொல்லுங்க."