மாமாவின் சுவிஸ் கடிகாரமும் நாவுலைக்குப் போன பஸ்ஸும்

எங்கள் வீட்டில் சாமி படத்தைவிட மரியாதை கிடைத்தது மாமா கொண்டுவந்த சுவிஸ் கடிகாரத்துக்குத்தான். சாமி படத்தையாவது வெள்ளிக்கிழமை துடைக்கக் கழற்றுவார்கள். கடிகாரத்தின் பக்கம் யாரும் போகக்கூடாது. அம்மாவின் அலுமாரியில், கல்யாணச் சேலைகளுக்கு நடுவே, நீலப் பெட்டிக்குள் அது படுத்திருந்தது. சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். சுவிட்சர்லாந்தில் ஒரு ஹோட்டலில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, சித்தியின் கல்யாணத்துக்காக மாத்தளைக்குத் திரும்பியிருந்தார். சித்தி இருவருக்கும் கடைக்குட்டித் தங்கச்சி. மாப்பிள்ளைக்கு நாவுலையில் கடை. பெண் வீட்டார் மாப்பிள்ளை கையில் கடிகாரம் கட்டிவிடுவது எங்கள் வழக்கம். மற்றவர்கள் டவுனில் ஏதோ ஒன்றை வாங்கிக் கட்டிவிட்டுச் சோற்றுப் பந்திக்குப் போய்விடுவார்கள். நாங்கள் அப்படியா? சுவிஸ் அல்லவா! செய்தி எங்களுக்கு முன்னால் பஸ் ஏறி நாவுலைக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா கத்தரிக்காய் வாங்கப்போன இடத்தில்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் விலை கேட்டாராம்.

வீட்டுக்கு யாராவது வந்தால், தேத்தண்ணி வருவதற்குள் மாமா அந்தக் கம்பெனியின் சரித்திரத்தைத் தொடங்கிவிடுவார். ரத்தோட்டைக்கு மேலே இருப்பதுபோல ஒரு மலைக் கிராமமாம். பனி கொட்டினால் கதவைத் திறக்க முடியாதாம். மாடு வளர்த்த ஒரு மனிதர் சும்மா இருக்கமாட்டாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து கடிகாரச் சக்கரம் அராவத் தொடங்கினாராம். பிறகு மகன், பேரன், பேரனுக்குப் பேரன் என்று வேலை கைமாறி, ராஜாக்களின் சட்டைப்பைவரை போய்விட்டதாம். உலகமே பேட்டரிக்கு மாறி, பக்கத்துப் பட்டறைகள் எல்லாம் இழுத்து மூடியபோதும் இவர்கள் மட்டும் மாறமாட்டோம் என்று நின்றார்களாம். மாமா சொல்லச் சொல்ல அந்த மனிதரின் மாடுகள் பெருகிக்கொண்டே போயின.

"போன கிழமை ரெண்டு மாடுதானே மச்சான் இருந்துச்சு?" என்பார் அப்பா, பேப்பருக்குப் பின்னாலிருந்து.

மாமா அதற்கெல்லாம் அசரமாட்டார். "பேட்டரி இல்ல, சாவி குடுக்குற வேலையும் இல்ல. தானா ஓடும்! அங்க நான் ஒரு நாளும் இத கழட்டுனதில்ல. என் கையப் பாத்துத்தான் ஹோட்டல்ல எல்லாரும் டைம் வைப்பாங்க" என்பார். சுவிஸிலிருந்து வந்து இறங்கிய அன்று ஒரே ஒரு தரம் பெட்டியைத் திறந்து காட்டினார். முள் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆடாமல் அசையாமல் வைக்க வேண்டும், சுவிஸ் மெஷின், தூசிகூடப் படக்கூடாது என்று சொல்லித்தான் அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவும் அதை அடைகாத்தாள்.

கல்யாணத்தன்று காலை அலுமாரியைத் திறந்த அம்மா போட்ட சத்தத்தில் பின்வீட்டுக்காரர்களே ஓடிவந்தார்கள்.

"ஐயோ அண்ணே, நின்னு போச்சே!"

முள் செத்துக் கிடந்தது. நின்றுபோன கடிகாரத்தை மாப்பிள்ளை கையில் கட்டினால் அந்தக் குடும்பம் விளங்குமா என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பாதித் தலைக்குப் பூ வைத்திருந்த சித்தி, மாமியார் இதைச் சாகும்வரை சொல்லிக்காட்டுவார் என்று அம்மாவைவிட உரக்க அழுதாள். பேட்டரி மாற்றலாம் என்றால் அதில் பேட்டரியே இல்லை. மாமா விரலால் மெதுவாகத் தட்டினார். முள் இரண்டு அடி நகர்ந்து மறுபடியும் படுத்துக்கொண்டது.

"ஒன்ன நல்லா ஏமாத்திப்புட்டானுங்க மச்சான்" என்றார் அப்பா.

மாமா கடிகாரத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அப்பா தன் பழைய கடிகாரத்தைக் கழற்றிப் பற்பொடி போட்டுத் தேய்த்து அந்த நீலப் பெட்டிக்குள் வைத்தார். சுவிஸ் அநாதையாகக் கட்டிலில் கிடந்தது. நான் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "போட்டுத் தொலை!" என்றாள் அம்மா. என் சின்ன மணிக்கட்டில் நிற்காததால் முழங்கைக்கு மேலே ஏற்றினேன். அதன் கொக்கியோடு மல்லுக்கட்டிப் பூட்டுவதற்குள் விரல் சிவந்துவிட்டது.

கல்யாண பஸ் என்றால் எங்கள் ஊரில் பைலாப் பாட்டு இல்லாமல் நகராது. பெண் அழுதால் என்ன, கடிகாரம் செத்தால் என்ன, பஸ் டவுனைத் தாண்டவில்லை, பெரியப்பா பையன்கள் ரபான் மேளத்தைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். சிங்களத்தில் ஒரு பாட்டு, தமிழில் ஒரு பாட்டு, இரண்டும் தெரியாத இடத்தில் லாலாலா. கைதட்டாதவனை இறக்கிவிடுவோம் என்று டிரைவரே மிரட்டினார். நான் தட்டினேன், ஆடினேன், வளைவுகளில் மற்றவர்கள் மடியில் விழுந்தேன், எழுந்து மறுபடியும் தட்டினேன். அழுதுகொண்டிருந்த சித்திகூட மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாளம் போட்டாள். மாமா மட்டும் டிரைவருக்குப் பக்கத்தில் ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாவுலையில் இறங்கும்போது சட்டைக் கை விலகியது. பார்த்தால், முள் ஓடுகிறது! கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் மாமாவின் முன்னால் கையை நீட்டினேன். காதில் வைத்துக் கேட்டார். இன்னொரு தரம் கேட்டார். என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நான் சொன்னேன்ல! கம்பெனின்னா கம்பெனி!"

அம்மன் செயல் என்றாள் அம்மா. உண்மையில் அது கட்டியிருப்பவரின் கை அசைவில் ஓடுகிற கடிகாரம். கை வீசினால்தான் உள்ளே வில் முறுகும். கழற்றி ஓரிரு நாள் வைத்தால் நின்றுவிடும். மாமா வந்த அன்று அது ஓடியதே வழியெல்லாம் குலுங்கி வந்ததால்தான். நாங்களோ அதைப் பொத்திப் பொத்தியே கொன்றிருக்கிறோம். மாப்பிள்ளையாக இருந்து எனக்குச் சித்தப்பாவாகிவிட்டவர் இதைக் கண்டுபிடித்துச் சொல்லப் பல மாதம் ஆயிற்று. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது.

மண்டபத்தின் மூலையில் நின்று, அப்பாவின் பற்பொடிக் கடிகாரத்தைப் பார்த்துச் சுவிஸுக்கு நேரம் வைத்தார் மாமா. பெட்டிக்குள் வைப்பார் என்று பார்த்தால், தன் இடது கையில் சுற்றினார். கொக்கி விழவில்லை. இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தள்ளுங்க மாமா" என்று நான்தான் அழுத்திப் பூட்டிவிட்டேன். சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டு, கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். மேளம் தொடங்கிவிட்டது, அம்மா கூப்பிடுகிறாள், அவர் அசையவில்லை.

"டைம் பாக்குறேன்டி" என்றார் என்னிடம். பிறகு கழற்றிக்கொண்டு போய் மாப்பிள்ளை கையில் கட்டிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு உடனே சரித்திரமும் ஆரம்பமாகிவிட்டது. மாடுகள் இப்போது மந்தையாகிவிட்டன.

நான் மணவறையருகே போய், மாமாவுக்குத் தன் கடிகாரத்தையே பூட்டத் தெரியவில்லை, நான்தான் பூட்டிவிட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். மண்டபமே சிரித்தது. சித்தி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு நாளும் கழற்றியதில்லை என்று சொன்ன அண்ணன், அதை ஒரு நாளும் கட்டாமலே தங்கச்சி கல்யாணத்துக்கென்று வைத்திருந்திருக்கிறார் என்பது அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. மாமாவையே பார்த்தபடி இருந்தாள், கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. எனக்கு என்ன தெரியும்? ஓமப் புகைதான் என்று நினைத்து, கீழே கிடந்த விசிறியை எடுத்துச் சித்தியின் முகத்துக்குப் பலமாக வீசத் தொடங்கினேன்.