சேஷுவின் முத்திரை

சேஷுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று மைசூர் அக்ரஹாரத்தில் எல்லோருக்கும் தெரியும். காபி ஆறியிருந்தால் கோபம், ஜட்காக்காரன் வழி மாற்றினால் கோபம். பாதிக்கு மேல் வீண் கோபம்தான். ஒரே ஒரு தடவை அது விழவேண்டிய இடத்தில் போய் விழுந்தது.

யுத்த காலம். சமஸ்தான வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பட்டாபிராமன், கப்பலுக்கும் ராணுவத்துக்கும் எஞ்சினீயரிங் ஆலோசனை என்று போர்டு மாட்டியிருந்தார். கடலே இல்லாத ஊரில் கப்பல் ஆலோசனை! ஆனாலும் வேலை குவிந்தது. சென்னைத் துறைமுகத்தில் இருந்து வந்த சேஷுதான் அங்கே படகுகளைச் சோதிக்கும் எஞ்சினீயர். அவன் முத்திரை விழுந்தால்தான் படகை ராணுவம் வாங்கும்.

அந்த வருஷம் ஆபீஸ் கொட்டகையில் கப்பல்களுக்கான உயிர்காப்புப் படகுகள் ஏழு தயாராயின. ஏரியில் விட்டுப் பார்த்தார்கள். சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் தச்சன் சித்தையன் தலையைச் சொறிந்தான்.

"பச்சை மரமுங்க சாமி. காயவே இல்லீங்க."

சேஷு நேரே பட்டாபிராமனிடம் போனான்.

"ஸார், ஏரிப் படகு எப்பவும் தண்ணியிலேயே கிடக்கும், பலகை உப்பியே இருக்கும். இது கப்பல் மேல் வெயில்ல காயும். பலகை சுருங்கி இடுக்கு விட்டுடும். கப்பல் முழுகற அன்னிக்கு இறக்கினா, ஏறினவாளோட இதுவும் முழுகும். காயவெச்சு மறுபடி சோதிக்கணும்."

"தெரியும்டா. படகை ஏத்திண்டு போற கூட்ஸ் வண்டி காத்துண்டிருக்குமா?"

தெரியும்! அந்த ஒரு வார்த்தையில் சேஷுவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முத்திரை போட முடியாது என்று சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் ஆயுத பூஜை. காம்பஸ், அளவுகோல், முத்திரை, சித்தையனின் உளி, துளைபோடும் துரப்பணம் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு பூஜையில் ஏறின. விஜயதசமி காலையில் மறுபூஜை முடியும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. ஆபீஸில் அந்த விதியைப் போட்டவரே பட்டாபிராமன்தான்.

விஜயதசமி காலை சேஷு வந்தபோது அவன் முத்திரையில் சந்தனம் கலைந்து, மை ஈரமாக இருந்தது.

"நானே போட்டுட்டேன்," என்றார் பட்டாபிராமன், வெற்றிலையை மடித்தபடி. "வண்டி இன்னிக்கு சாயங்காலம். நீ வீம்பு பிடிச்சா ஆபீஸ் நடக்குமா?"

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! முகம் தெரியாத மாலுமிகளின் உயிர், சேஷுவின் பெயர், இரண்டையும் எடுத்துத் தாராளமாகப் பரிமாறிவிட்டார் மனுஷர்.

மறுபூஜை முடிந்தது. கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சேஷு குங்குமம் கலையாத துரப்பணத்தை எடுத்தான். நேரே கொட்டகைக்குப் போய், முதல் படகின் அடிப்பலகையில் வைத்துத் திருகினான். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க. ஈரச் சீவல் சுருள் சுருளாக விழுந்தது. அடுத்த படகுக்கு நகர்ந்தான்.

பட்டாபிராமன் வேட்டி தடுக்க ஓடிவந்தார்.

"பைத்தியமாடா உனக்கு? இனி எவன்டா உனக்கு வேலை தருவான்? அது உன் முத்திரை போட்ட படகுடா!"

"அதனாலதான் ஸார்," என்று சேஷு மூன்றாவது படகுக்குப் போனான்.