சித்தார்த்தன் சார் சிரித்த அன்று

சித்தார்த்தன் சார் வகுப்பு என்றால் மற்ற துறைப் பிள்ளைகளும் வந்து கடைசி பெஞ்சில் ஒட்டிக்கொள்வார்கள். திண்டிவனத்துக்கு வெளியே, பைபாஸை ஒட்டி இருக்கிறது அந்தக் கல்லூரி. அங்கே பொருளாதாரம் படிக்க ஆசைப்பட்டு வந்தவர்கள் குறைவு. வேறு எந்தப் பாடத்திலும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள்தான் அதிகம். விடிவதற்கு முன்னால் கேப்பை அறுத்துவிட்டு வந்தவன், ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு நேராக வந்தவன், வீட்டில் சமைத்து வைத்துவிட்டு ஓடிவந்தவள் என்று எல்லோரும் இருப்பார்கள். மதியம் இரண்டு மணிக்கு அவர்களை விழிக்க வைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. சார் உரித்தார்.

குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று புத்தகத்தில் ஒன்று இருக்கிறது. பெயரைப் படித்தாலே தூக்கம் வரும். சார் அதை இப்படி ஆரம்பித்தார்.

"மறுவீடு போன மாப்பிள்ளைக்கு மாமியா மொத வடை வெக்கிறாங்க. இவனுக்கு கண்ணுல தண்ணி. ரெண்டாவது வடைக்கு, 'அத்தை, உங்க கைப்பக்குவமே தனி'ங்கிறான். அஞ்சாவது வடைக்கு எலைய ரெண்டு கையால மூடுறான். ஏழாவது வடைய மாமியா கையில எடுக்கறப்போ பொண்டாட்டிய தனியா கூப்ட்டு கேக்கறான், 'உங்கம்மாவுக்கு என்மேல இன்னா கோவம்?' வடை அதே வடைதான். மாறுனது மாப்பிள்ளை. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். பரீட்சையிலும் எழுதினார்கள். ஒரு பையன் வடையையும் சேர்த்தே எழுதிவிட்டான். சார் அதற்கும் மார்க் போட்டார்.

அவர் நிரந்தர ஆசிரியர் இல்லை, கௌரவ விரிவுரையாளர். அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்பது வயதை நெருங்குகிற ஆளுக்கு அது சின்னக் கஷ்டம் இல்லை. ஆனால் வகுப்பில் கால் வைத்துவிட்டால் அந்தக் கவலை அவர் முகத்தில் தெரியாது.

இந்தச் சிரிப்பு வித்தையை அவர் எந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை. அவர் ஊர் முண்டியம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம். அப்பா வெங்கடாசலம் கரும்பு வெட்டினார். ஆறாம் வகுப்புக்கு விழுப்புரத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, முதல் நாளே பக்கத்துப் பையன் கேட்டான், "நீ எந்தத் தெருடா?" கேட்பது தெருவை இல்லை என்று சித்தார்த்தனுக்கு அந்த வயதிலேயே தெரியும். பதில் சொல்லாமல், அந்த நேரம் வராந்தாவில் போய்க்கொண்டிருந்த தலைமை ஆசிரியர் மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டினான். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். கேட்ட கேள்வியை மறந்தே போனான். சிரிக்கிறவன் கேள்வி கேட்கமாட்டான் என்று அன்று கற்றதுதான். அதற்குப் பிறகு படித்த பட்டமெல்லாம் அதற்கு மேலே ஒட்டியவை.

இரண்டாம் ஆண்டில் கலையரசி என்று ஒரு பெண். ஜன்னல் ஓரம், முதல் பெஞ்ச். வகுப்பில் முதலில் சிரிப்பவள் அவள்தான். சார் நகைச்சுவையை முடிப்பதற்கு ஒரு வார்த்தை இருக்கும்போதே அவளுக்குப் பிடிபட்டுவிடும். அவள் சிரித்தால் பெஞ்ச் சிரிக்கும், பெஞ்ச் சிரித்தால் வகுப்பு சிரிக்கும். சார் ஒவ்வொரு நாளும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேச்சைத் தொடங்குவார். நன்றாகப் படிக்கிறவள். திருவக்கரை போகிற பஸ்ஸில் தினமும் வந்து போகிறவள். அவளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் இரண்டாகத்தான் இருக்கும். ஊர் ஒரு பக்கம், தலித் மக்களின் காலனி ஒரு பக்கம். பஸ்ஸுக்கும் இரண்டு ஸ்டாப்பிங். அன்றைக்குப் பாடம் பொதுப் பண்டங்கள். எல்லோரும் சேர்ந்து அனுபவிக்கிற ரோடு, தெருவிளக்கு, டவுன் பஸ். சார் டஸ்டரைக் கண்டக்டர் பை மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"காலனி எறங்கு, காலனி எறங்கு... யோவ் பெரியவரே, நீ இன்னாத்துக்கு எழுந்திரிக்கிற? நீ ஊராச்சே."

உடனே கூனிக்கொண்டு பெரியவரானார். "இல்லப்பா, பக்கத்துல காலனிக்காரன் உக்காந்துகினு வந்தான். அவன் எழுந்துக்கறதுக்குள்ள நான் எழுந்துட்டா, அவன்கூட உக்காந்து வந்த கணக்குல வராது இல்ல?"

வகுப்பு அதிர்ந்தது. சார் நிமிர்ந்தார். "பாத்தீங்களா? பஸ்ஸு ஒன்னு, டிரைவரு ஒன்னு, ஊதுற விசிலு ஒன்னு. அது பொதுப் பண்டம்தான். பொதுவா இல்லாதது நாமதான்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சிரிப்பு வந்துவிட்டால் இன்னும் ஒரு பிடி என்று நாக்கு கேட்கும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"கலையரசி, நீ அந்த ரூட்டுதானே. சொல்லும்மா, உங்க ஊர்ல எந்த ஸ்டாப்பிங்ல கும்பல் அதிகமா எறங்கும்?"

கலையரசி எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். அதே பஸ்ஸில் இன்னும் தூரம் போகிற தோழி பானுப்ரியா, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள், "அவளுக்கு இன்னா சார் தெரியும்? அவ மாரியம்மன் கோயில் ஸ்டாப்பிங்ல எறங்கி போயிடுவா. ஊரு ஸ்டாப்பிங். நான்தான் தெனம் பாக்கறேனே."

பின்னாலிருந்து கோகுலகிருஷ்ணன் குரல் வந்தது. அவன் அந்த வழியில் பைக்கில் வருகிறவன்.

"எறங்குவா சார். பஸ்ஸு மறையிற வரைக்கும் கோயிலாண்ட நிப்பா. அப்பால ஏரிக்கரையோட ரிவர்ஸ் கியர் போட்டு காலனிக்கு வந்துடுவா."

சொன்ன நேரம் கச்சிதம். எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தினான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. சித்தார்த்தன் சாரும் சிரித்துவிட்டார்.

அது ஒரு நொடி. வித்தைக்காரன் இன்னொருவன் வித்தையைப் பார்த்துத் தன்னை மறந்து தலையாட்டுவானே, அப்படி. அடுத்த நொடியில் கலையரசி முகம் கண்ணில் பட்டது. அவள் உதடு சிரிக்கிற மாதிரியே இருந்தது. அதை எப்படி மூடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பானுப்ரியா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். வேண்டுமென்று நகர்ந்தாளா, தெரியாமல் நகர்ந்தாளா, அது அவளுக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் ஜன்னல் ஓரம் காலியாக இருந்தது. அடுத்த வாரமும் காலி. அவள் வீட்டு நம்பருக்குப் போட்டால் மணி அடிக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள். சார் பானுப்ரியாவைக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "பஸ்லயும் காணோம் சார்" என்றாள்.

கோகுலகிருஷ்ணனைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏன்டா அப்படி சொன்ன?"

"சும்மா காமெடிக்குத்தான் சார்." அவன் நிஜமாகவே குழம்பிப் போய்ப் பார்த்தான். "நீங்களும்தானே சார் சிரிச்சீங்க?"

அதற்குப் பிறகு சாருக்கு வகுப்பில் வாய் வரவில்லை. வரையறை, வரைபடம், வீட்டுப்பாடம் என்று முடித்துக்கொண்டார். கடைசி பெஞ்ச் கும்பல் கலைந்தது. "ஒரு ஜோக்கு சொல்லுங்க சார், தூக்கம் வருது" என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பார். கண் காலி இடத்துக்குப் போகும். திறந்த வாயால் "அடுத்த பக்கம்" என்பார். ஒரு பெண் படிப்பை விட்டுவிட்டாள். அவளை விரட்டியது ஏதோ ஒரு ஊர்ப் பெரியவர் இல்லை. அவர்தான்.

மாதம் ஒன்று ஆகப்போகும்போது துறைத்தலைவர் குமரேசன் சொன்னார், "அந்தப் பொண்ணுக்கு அட்டெண்டன்ஸ் போயிடுச்சி சார். இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள நேர்ல வந்துட்டா பிரின்சிபால்கிட்ட பேசி பரீட்சை எழுத வெச்சிடறேன். அதுக்கு மேல என் கையில இல்ல. அப்புறம், பொண்ணு வீட்டுக்கெல்லாம் நீங்க போய் நிக்காதீங்க. ஊரு ஒன்னு பேசும், உங்க வேலைக்கு பேஜாரு."

புதன்கிழமை மதியம் சார் திருவக்கரை பஸ்ஸில் ஏறினார். காலனி ஸ்டாப்பிங்கில் இறங்கினார்.

தெருமுனை வேப்பமரத்தடியில் பிடுங்கிப்போட்ட மல்லாட்டைச் செடிகள் குவிந்து கிடந்தன. கலையரசியும் அவள் அம்மா சவுரியம்மாளும் உட்கார்ந்து கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வந்திருப்பது காலேஜ் சார் என்று தெரிந்ததும் அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க சார். இந்த வெயில்ல வந்துகிறீங்களே. பாடம் ஒன்னும் புரியலன்னு சொல்லிட்டா சார். புரியாததுக்கு இன்னாத்துக்கு தெனம் பஸ்ஸு ஏறி இடிபட்டுகினு, கம்பெனிக்காவது போட்டும்னு வுட்டுட்டேன். நாளைக்கு மதியானத்துலேர்ந்து வேனு வருது."

"பாடம் அவளுக்கு நல்லா புரியும்மா. தப்பு..."

"அம்மா, சாருக்கு தண்ணி எடுத்தாம்மா" என்றாள் கலையரசி. அம்மா உள்ளே போனாள்.

சாரின் பழகிப்போன நாக்கு தானாக ஓடியது. "நீ இல்லாம என் ஜோக்குக்கு பெஞ்சுதாம்மா சிரிக்குது. அதுவும் ஆணி கழண்ட பெஞ்சு."

அவள் நிமிரவில்லை. காய்கள் கூடையில் விழுந்துகொண்டே இருந்தன.

"கோகுல் சொன்னது எனக்கு பெருசா தெரியல சார். ஸ்கூல்லேர்ந்து கேட்டதுதான். நீங்க சிரிச்சீங்க."

"ஆமா."

"உங்க க்ளாஸ்ல மட்டும்தான் சார் நான் யாரு எவருன்னு நெனப்பே இல்லாம உக்காந்திருப்பேன். அந்த ஒரு ஹவர்தான் எனக்கு காலேஜே. அத எடுத்துட்டீங்க."

சார் குந்தி உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "நானும் காலனிதாம்மா" என்றார்.

"தெரியும் சார். அத ஏன் இங்க வந்து, அதுவும் இவ்ளோ மெதுவா சொல்றீங்க? அங்க சொல்லுங்க. சொன்னதுக்கு அப்புறம் யாரு சிரிக்கிறாங்க, யாரு நவுந்து உக்கார்றாங்கன்னு பாத்துட்டு போன் பண்ணுங்க. எடுக்கறேன்."

வியாழக்கிழமை அவர் வகுப்பில் நின்றார். இத்தனை வருஷம் ஆயிரம் பேர் முன்னால் நடித்தவர், அன்று மேசையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"நான் தெனமும் காலனி ஸ்டாப்பிங்லதான் பஸ் ஏறுறேன். அது என் ஊரு. அன்னைக்கு கோகுல் சொன்னதுக்கு நான் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது. கலையரசி வராததுக்கு நான்தான் காரணம்."

யாராவது நெளிவார்கள், யாராவது ஏளனமாகப் பார்ப்பார்கள், கதவைத் தட்டிக்கொண்டு எழுந்து போவார்கள் என்று எதற்கும் தயாராக வந்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கோகுலகிருஷ்ணன்தான் தயங்கி எழுந்தான். கேலி இல்லை, சாரைச் சமாதானப்படுத்துகிற குரல்.

"சார், அது எங்களுக்கு ஃபர்ஸ்ட் இயர்லயே தெரியும் சார்."

"எப்படி?"

"எந்த சார் வந்தாலும் மொத வாரத்துலயே விசாரிச்சிடுவோம் சார். எல்லாரும் பண்றதுதான்." பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். "நீங்க ஜாலியா இருக்கீங்க. அப்புறம் அத போயி இன்னாத்துக்கு பேசிகினு."

ஆறாம் வகுப்பிலிருந்து இத்தனை காலம் அவர் யாரிடமிருந்து எதை மறைத்தார்? அவர்கள் கேள்வி கேட்காமல் இருந்தது சிரித்ததால் இல்லை. கேட்கவேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை. பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் சிரித்திருக்கிறார்கள்.

மணி அடித்ததும் கொடிக்கம்பத்துப் பக்கம் போய் நின்று போன் போட்டார். இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லிட்டேம்மா."

"யாரு சிரிச்சாங்க?"

"யாரும் சிரிக்கல. யாரும் நவுரல. எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. மொத வாரத்துலேர்ந்தே."

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு வண்டி ஹாரன் கேட்டது. அப்புறம் அவள் மெல்லக் கேட்டாள்.

"அப்போ என்னையும் முன்னாடியே தெரிஞ்சிருக்கும் இல்ல சார்?"

"பானுப்ரியா ஒருத்திக்கு வேணா தெரியாம இருந்திருக்கும். மத்தவங்களுக்கு தெரிஞ்சிருக்கும்மா."

"அப்புறம் இன்னாத்துக்கு சார் ரெண்டு வருஷமா நான் அவ்ளோ தூரம் நடந்தேன்?"

இந்த முறை சாரின் நாக்கு நகைச்சுவை தேடி ஓடவில்லை. "தெரியலம்மா. நான் உன்னைவிட ரொம்ப வருஷமா நடந்திருக்கேன்" என்றார். "நாளைக்குத்தான் கடைசி நாளு."

ஹாரன் கிட்டத்தில், விடாமல் அடித்தது. "ஏ கலை, வேனு வந்து நிக்குது, ஜல்தி வாடி" என்று சவுரியம்மாள் கத்துவது கேட்டது. கலையரசி ஏதோ சொன்னாள், சாரிடம் இல்லை. அம்மா திட்டத் தொடங்கினாள். வேன் கதவு அறைந்து சாத்தப்பட்டது. இன்ஜின் உறுமிக் கிளம்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, இல்லாமல் போனது.

சார் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, கிட்டத்தில், கலையரசி மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.