கவுன்சிலர் மேடத்தின் தெம்பு

அந்த ஆட்டத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மேலே ‘கவுன்சிலர்’ என்று என் கோணல் கையெழுத்து. கீழே உடல், உணவு, தெம்பு என்று மூன்று கட்டங்கள். முதல் இரண்டில் எண்கள் பெரிதாக மாறவில்லை. தெம்புக் கட்டத்தில் மட்டும் பத்தை அழித்து ஒன்பது, ஒன்பதை அழித்து எட்டு என்று எழுதி எழுதி, ரப்பர் தேய்த்த இடத்தில் தாளே மெலிந்துபோயிருக்கிறது.

வெள்ளம் வடிந்த பிறகு ஒரு தொண்டு நிறுவனம் எங்களை வேலைக்கு எடுத்திருந்தது. ஆபீஸ் விழுப்புரத்தில். நான் களப்பணியாளன், மேடம் மனநல ஆலோசகர். திண்டிவனத்தில் தனியாக வீடு எடுத்துத் தங்கியிருந்தார். சொந்த ஊர் தெற்கே எங்கோ. எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆனாலும் மேடம்தான். கவுன்சலிங் கொடுப்பவர் என்பதால் ‘கவுன்சிலர் மேடம்’ என்போம். அதுவே வம்பாகிப்போனது. கோலியனூர்ப் பக்கம் ஒரு தெருவில் நான் அப்படிச் சொல்லி அறிமுகப்படுத்த, ஜனங்கள் வார்டு கவுன்சிலர் என்றே நினைத்துக்கொண்டார்கள். இடிந்த வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆளாளுக்கு மனு நீட்டினார்கள். “தெருவுல லைட்டு எரியல, ஓட்டு கேக்க மட்டும் ஓடியாறீங்க” என்று ஓர் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். மேடம் மறுக்கவில்லை. மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, “லைட் இல்லாம எப்படிம்மா தூங்குறீங்க?” என்று கேட்டார். “எங்க தூங்கறது? தண்ணி வந்துடுமோன்னு படுத்துக்கினே தரைய தடவிப் பாத்துக்கினு கெடக்கறேன்” என்று சொல்லி அந்த அம்மா அழ ஆரம்பித்தார். அன்றைக்கு அந்தத் தெருவை விட்டு நாங்கள் கிளம்பச் சாயங்காலமாகிவிட்டது.

ஞாயிறு மதியங்களில் மேடம் வீட்டில் கூடி ஆடுவோம். ஆபீஸ் ஜீப் ஓட்டும் அண்ணன், கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் பெண், மேடம், நான். தாளும் பகடையும் வாயும் இருந்தால் போதும். உலகம் அழிந்த பிறகு மிச்சமிருப்பவர்கள் சேர்ந்து ஊர்களை மறுபடி எழுப்ப வேண்டும், அதுதான் ஆட்டம். கதையை நடத்துபவன் நான். என் கதையில் விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்கள் துருப்பிடித்து நின்றன. தப்பியவர்கள் திருவக்கரையில், கல்லாகிப்போன பழங்கால மரங்களுக்கு நடுவே கூடாரம் போட்டிருந்தார்கள். வாரம் முழுக்க வெள்ளம் அடித்த ஊர்களைச் சுற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் அதே பிழைப்பா என்று கேட்டால் என்ன சொல்ல? ஆட்டத்தில் ஊர்கள் மீண்டன. எங்களுக்கு அது வேண்டியிருந்தது.

அண்ணன் துப்பாக்கிக்காரர், அந்தப் பெண் டாக்டர். “நான் கவுன்சிலராவே இருந்துக்கறேன், மனு வாங்கிப் பழகிடுச்சு” என்றார் மேடம். ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. தன் முறை வரும்போது ஒருவர் வேறெதுவும் செய்யாமல், சோர்ந்துபோன இன்னொருவர் பக்கத்தில் போய் உட்காரலாம். அவருக்குத் தெம்பு இரண்டு ஏறும், உட்கார்ந்தவருக்கு ஒன்று குறையும். மேடம் முக்கால்வாசி முறைகளை அப்படித்தான் செலவழித்தார். “அங்க தண்ணி ஏறிக்கினு வருது, நீங்க கத பேசிக்கினு கீறீங்களே! ஜல்தியா ஆடுங்க மேடம்” என்று அண்ணன் பேஜாராவார். அவருடைய துப்பாக்கிக்காரனுக்குத் தெம்பு குறைந்தபோதெல்லாம் பக்கத்தில் போய் உட்கார்ந்தது மேடம்தான்.

எல்லார் தாளும் என்னிடம்தான் இருக்கும். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது, சோர்வென்று அவரே வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. எனக்கு எல்லாம் தெரியும். வாரா வாரம் மற்றவர்களுக்கு ஏற, மேடத்துக்கு மட்டும் இறங்கியது. அவர் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. ‘மேடத்தையும் கொஞ்சம் பாருங்கப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கதை நடத்துபவன் வாய் திறக்கக் கூடாதென்று பெரிய நீதிமான் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு ஞாயிறு அது பூஜ்யத்துக்கு வந்தது. பூஜ்யமானால் அந்த ஆள் ஆட்டத்தில் இல்லை. “உங்க ஆளு யார்கிட்டயும் சொல்லாம கூட்டத்த விட்டுப் போயிட்டாங்க மேடம்” என்று, வெட்கமாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் பெருமையோடு அறிவித்தேன்.

“போனத மத்தவங்க எப்ப கவனிச்சாங்க?” என்று கேட்டார்.

பகடையை உருட்டினேன். “மூணு நாள் கழிச்சு.”

எல்லாரும் சிரித்தோம். அவரும்தான் சிரித்தார். பிறகு எழுந்து எல்லாருக்கும் டீ கொண்டுவந்தார்.

அடுத்த ஞாயிறு தலைவலி என்றார். அதற்கடுத்த வாரமும் ஆட்டம் இல்லை. அதற்குள் திட்டம் முடிந்து ஆபீஸைக் காலி செய்தோம். கடைசி நாள் சாமான் ஏற்றும் அவசரத்தில் யார் யாரிடம் சொல்லிக்கொண்டார்கள் என்றே தெரியவில்லை. ஒருநாள் நினைவு வந்து அவர் வீட்டுக்குப் போனேன். “அவங்க காலி பண்ணி பத்து நாளாச்சிங்களே, உங்களுக்குத் தெரியாதா?” என்றார் வீட்டுக்காரர்.

இப்போது வேறு வேலை கிடைத்து, அதே திண்டிவனத்தில் நான் தனியாகக் கிடக்கிறேன். ஜீப் அண்ணன் சென்னைக்குப் போய்விட்டார், அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாயைத் திறக்கவே வேலை இருக்காது. போன மாதம் ஒரு மதியம், மேடத்தை நலம் விசாரிக்கலாம் என்று அழைத்தேன். நான்தான் என்று தெரிந்ததும், “சொல்லுங்க, யாருக்கு என்ன ஆச்சு?” என்றார்.

“யாருக்கும் ஒண்ணும் ஆவல மேடம்.”

“அப்ப உங்களுக்குத்தான். சொல்லுங்க, கேக்கறேன்.”

சொன்னேன். புது வேலை பிடிக்காதது, ஒருத்தனுக்காகச் சமைக்க அலுப்பாக இருப்பது, பேச ஆளில்லாதது எல்லாவற்றையும் சொன்னேன். நடுவே நடுவே “ம்” என்றார். முக்கால் மணி நேரம் போயிருக்கும். போனை வைத்தபோது மனசு அவ்வளவு லேசாக இருந்தது. டீ போடலாம் என்று அடுப்பில் பாலை வைத்தேன். அது பொங்கி வரும்போதுதான் உறைத்தது, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவே இல்லை.